ஏரிக்கரையில் ஒரு வாரம்: லூசர்னா, லுகானோவா, வெவேயா?

மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவும் சித்தியும் ஒரு குழுச் சுற்றுலாவில் ஐரோப்பா போய்வந்தார்கள். பத்து நாள், ஆறு நாடு. காலை ஆறரைக்கெல்லாம் பெட்டி அறை வாசலில் இருக்க வேண்டும், ஏழரைக்குப் பஸ் கிளம்பிவிடும். திரும்பி வந்ததும் எது பிடித்திருந்தது என்று கேட்டேன். அம்மா பாரிஸைச் சொல்லவில்லை, ரோமைச் சொல்லவில்லை. “ஒரு ஏரிக்கரையில கொஞ்ச நேரம் விட்டாங்க கண்ணு. மரத்தடியில வரிசையா பெஞ்சு. முன்னால தண்ணி, அதுக்கு அந்தாண்ட மலை. எல்லாரும் கடிகாரக் கடைக்குப் போயிட்டாங்க. நானும் சித்தியும் போய் உட்கார்ந்தோம். பத்து நிமிஷம்கூட ஆகலை, கொடியைத் தூக்கிட்டுக் கூப்பிட வந்துட்டாங்க” என்றார்.

அந்த ஊர் சுவிட்சர்லாந்தில் உள்ள லூசர்ன். அடையாளம் சொல்லும்போதே தெரிந்துவிட்டது. வேலை காரணமாக நான் இரண்டு வருடம் சூரிச்சில் இருந்தவன். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரயிலேறிவிடுவேன். அப்பா படுக்கையில் இருந்த காலம் அது, அதனால் அம்மாவால் வர முடியவில்லை. வரும் மே மாதம் அம்மா, மனைவி, நான் மூன்று பேரும் போகிறோம். ஒரே ஊரில் ஏழு இரவு. நடுவில் பெட்டி கட்டுவது கிடையாது, அலாரம் கிடையாது. அம்மாவுக்கு 68 வயது, வலது முழங்காலில் தேய்மானம், சுத்த சைவம். எந்த ஊர் என்று முடிவு செய்ய எங்களுக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இதே கேள்வியோடு இருப்பவர்களுக்கு உதவும் என்று, யோசித்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன்.

முதலில் கழித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெனீவாவும் சூரிச்சும் ஏரிக்கரையில்தான் இருக்கின்றன, ஆனால் அவை வேலை பார்க்கிற நகரங்கள். இன்டர்லாக்கன் நம் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். துன், பிரியன்ஸ் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கிறதே தவிர, ஊரின் மையத்தில் உட்கார்ந்தால் ஏரி தெரியாது. யுங்ஃபிராவ் மலைக்கு ஏறுகிறவர்கள் இரவு தங்கும் இடம் அது. மாஜோரே ஏரியில் உள்ள அஸ்கோனா அழகான ஊர், ஆனால் லுகானோவுக்குச் சொல்லப்போவதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். ஆக மூன்று மிஞ்சின: ஜெர்மன் பேசும் பகுதியில் லூசர்ன், இத்தாலியன் பேசும் பகுதியில் லுகானோ, பிரெஞ்சு பேசும் பகுதியில் மோந்த்ரூவும் அதை ஒட்டிய வெவேயும்.

ஒரே நாடு என்றாலும் மூன்றும் மூன்று விதம். மொழி, சாப்பாடு, வெயில், மனிதர்கள் நடக்கிற வேகம்கூட மாறும்.

லூசர்ன்: எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்

லூசர்ன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் படகுத் துறை. இடது பக்கம் ஏரி தொடங்கும் இடத்தில் ஒரு பாலம், அதற்கப்பால் 14-ஆம் நூற்றாண்டில் கட்டிய கபெல்புரூக்கே என்ற மூடிய மரப்பாலம். 1993 ஆகஸ்டில் ஓர் இரவு அது தீப்பிடித்துப் பெரும்பகுதி எரிந்துபோனது. அடுத்த வருடமே திருப்பிக் கட்டித் திறந்துவிட்டார்கள். கூரையின் கீழ் முக்கோணப் பலகை ஓவியங்கள் வரிசையாக இருக்கும். நடந்துகொண்டே வந்தால் ஓர் இடத்தில் அவை இல்லாமல் வெறும் சட்டமாகவோ கரி படிந்தோ இருக்கும். தீ எங்கே தின்றது என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு லூசர்ன் அளவுக்கு வசதியான ஊர் குறைவு. சூரிச் விமான நிலையத்திலிருந்து நேர் ரயிலில் ஒரு மணி நேரம் சொச்சம். ரயிலிலிருந்து இறங்கிப் படகில் ஏறுவதற்கு நடக்க வேண்டியது நம் கோயம்புத்தூர் ஜங்ஷனில் ஒரு நடைமேடையின் நீளம்கூட இருக்காது. அம்மா சொன்ன அந்த மரத்தடி, நட்சியோனல்கே என்ற கரையோர நடைபாதை. சமதரை, செஸ்ட்நட் மரங்களின் நிழல், நூறு அடிக்கு ஒரு பெஞ்ச். வலது பக்கம் பிலாட்டுஸ் மலை, இடது பக்கம் ரிகி.

அப்புறம் அந்த ஏரியின் நீராவிப் படகுகள். ஐந்து பழைய சக்கரப் படகுகள் இன்னும் ஓடுகின்றன. மூத்தது 1901-ல் கட்டிய ‘ஊரி’. நடுத்தளத்தில் ஒரு திறப்பு இருக்கும், சுற்றிலும் பித்தளைக் கம்பி. எட்டிப் பார்த்தால் கீழே இயந்திர அறை முழுதும் தெரியும். ஆள் தொடை பருமனுள்ள இரும்புத் தண்டுகள் எண்ணெய் மினுமினுப்போடு மடங்கி நீளும், சூடான காற்று முகத்தில் அடிக்கும். வெள்ளைப் பஞ்சுத் துணியை இடுப்பில் செருகிக்கொண்ட ஒருவர் ஓடுகிற தண்டின் மூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டை அளப்பதை ஒரு தடவை பார்த்தேன். படகு ஒவ்வொரு துறையிலும் நிற்கும். கடைசி ஊரான ஃபுளூலன் வரை போக ஏறத்தாழ மூன்று மணி நேரம். மேல்தளத்தில் நாற்காலி, தேநீர், இரண்டு பக்கமும் செங்குத்தாக இறங்கும் மலை. அம்மாவை ஒரு நாள் இதில் ஏற்றிவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றிய நாட்கள் உண்டு.

மலை ஏற ஆசை உள்ளவர்களுக்கு லூசர்னுக்கு நிகரே இல்லை. 1,798 மீட்டர் உயரமுள்ள ரிகிக்கு விட்ஸ்னாவ் என்ற கரையோர ஊரிலிருந்து 1871-ல் போட்ட பல்சக்கர ரயில் போகிறது. ஐரோப்பாவின் முதல் மலை ரயில் அதுதான். பிலாட்டுஸ் ரயில் 1889-ல் வந்தது, 48 சதவீதச் சரிவு, உலகத்திலேயே செங்குத்தான பல்சக்கர ரயில். ஏங்கல்பெர்க் போய் டிட்லிஸ் ஏறினால் மே மாதத்திலும் காலுக்கடியில் பனி.

இவ்வளவும் இருந்தும் லூசர்ன் வேண்டாம் என்று முடிவு செய்தோம். காரணம் இந்த மலைகளேதான்.

ஓய்வுக்குப் போகிறவனுக்கு லூசர்ன் ஒரு நெருக்கடி. காலையில் திரையை விலக்கினால் ரிகி தெளிவாக நிற்கும். இன்றைக்குத் தெளிந்திருக்கிறது, நாளைக்கு மேகம் மூடிவிடும், இப்போதே கிளம்பு என்று மனசு அரிக்கும். மலையுச்சிக் கேமராப் படத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக டீ குடித்துவிட்டு ஓடிய ஞாயிறுகள் எனக்கு எத்தனையோ. மேலே போக டிக்கெட் விலையும் அதிகம் என்பதால், ஒரு நாள் சும்மா இருந்தால் காசு வீணான மாதிரி இருக்கும். அம்மாவைப் பெஞ்சிலிருந்து எழுப்பியது அந்தக் கொடிக்காரர் என்றால், இங்கே அந்த வேலையை நானே செய்துவிடுவேன்.

இன்னொன்று கூட்டம். ஷ்வானன்பிளாட்ஸ் என்ற சதுக்கம் ஏரிமுனையில் இருக்கிறது. சுற்றுலாப் பேருந்துகள் ஆட்களை இறக்குவது அங்கேதான், கடிகாரக் கடைகளும் அங்கேதான். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை பாலத்தில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டும். மாலை ஆறுக்குமேல் ஊர் அமைதியாகிவிடும், அது வேறு அழகு. முதல் தடவை சுவிட்சர்லாந்து போகிறவர்கள், பிள்ளைகளோடு போகிறவர்கள், பனியைத் தொட்டே ஆகவேண்டும் என்று நினைப்பவர்கள் யோசிக்காமல் லூசர்ன் போகலாம். அந்த ஏரி வேண்டும், கூட்டம் வேண்டாம் என்றால், படகில் முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கும் வேகிஸில் தங்குங்கள். மார்க் ட்வைன் 1897-ல் குடும்பத்தோடு தங்கி ரசித்த ஊர். ரிகியின் தெற்குச் சரிவில் இருப்பதால் லூசர்னைவிட வெதுவெதுப்பு.

லுகானோ: வெயில் உண்டு, படியும் உண்டு

லுகானோவைப் பற்றி என் மனைவிதான் அதிகம் வாதாடினார். அவர் சொன்ன காரணங்கள் சரியானவை. சூரிச்சிலிருந்து தெற்கே போகும் ரயில் 57 கிலோமீட்டர் நீளமுள்ள கோட்ஹார்ட் அடிவாரச் சுரங்கத்துக்குள் நுழையும். 2016-ல் திறந்தபோது உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம் அது. வடக்கில் மேகமும் தூறலுமாக உள்ளே போன ரயில் இருபது நிமிடம் கழித்துத் தெற்கில் வெளியே வரும்போது வெயில் அடிக்கும். எப்போதும் அப்படி இல்லை, ஆனால் எனக்கு மூன்றில் இரண்டு தடவை அப்படித்தான் நடந்தது. 2020-ல் செனேரி சுரங்கமும் வந்தபிறகு சூரிச்சிலிருந்து லுகானோ இரண்டு மணி நேரம்தான்.

இறங்கியதும் பனை மரம். வீட்டுச் சுவர்கள் காவியும் மஞ்சளுமாக இருக்கும். ரயில் நிலையம் மேட்டில் இருக்கிறது, ஊர் கீழே ஏரிக்கரையில். இறங்க ஒரு சின்ன விஞ்ச் வண்டி, பழனி விஞ்சில் ஏறியவர்களுக்குப் புதிதாக எதுவும் இருக்காது. இரண்டு நிமிடத்தில் ஊர் நடுவே விட்டுவிடும். கரையை ஒட்டி சானி பூங்கா. அங்கே தண்ணீரின் விளிம்பில் இரண்டு கல் தூண்கள், நடுவே இரும்புக் கதவு. கதவைத் தாண்டினால் படி நேராக ஏரிக்குள் இறங்குகிறது. சிற்றலை அந்தப் படியில் வந்து மோதித் திரும்பும் சத்தத்தை அரை மணி நேரம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். அங்கிருந்து கரையோரமாகவே நடந்தால் சாந்தா மரியா டெலி ஆஞ்செலி என்ற சாதாரணமாகத் தெரியும் தேவாலயம். உள்ளே போனால் நடுச்சுவர் முழுக்க பெர்னார்தீனோ லுயீனி 1529-ல் வரைந்த சிலுவைப்பாட்டு ஓவியம். டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. சுவருக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்க்கலாம்.

சாப்பாட்டில் லுகானோவை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. சைவக்காரர்களுக்கு இத்தாலியச் சமையல் வரப்பிரசாதம். காளான் போட்ட ரிசோத்தோ, சோளமாவில் கிண்டிய பொலெந்தா, கத்தரிக்காய், தக்காளி, காரம் கேட்டால் மிளகாய் எண்ணெய். குரோத்தோ என்று அழைக்கப்படும் பழைய கல்வீட்டு உணவகங்களில் மர நிழலில் கல் மேசை போட்டிருப்பார்கள். ‘சென்சா கார்னே’ என்றால் இறைச்சி இல்லாமல். ‘சென்சா பெஷே’ என்று மீனையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு பெரிய சலுகை, லுகானோ இருக்கும் டிச்சீனோ மாநிலத்தின் டிச்சீனோ டிக்கெட். ஹோட்டல், விடுதி, கூடார முகாம் எங்கே தங்கினாலும் தங்கும் நாட்கள் முழுவதும் அந்த மாநிலத்துக்குள் ரயிலும் பஸ்ஸும் இலவசம். பெலின்சோனாவில் உள்ள மூன்று கோட்டைகள், லொகார்னோ எல்லாம் பைசா செலவில்லாமல் போய் வரலாம்.

பிறகு ஏன் விட்டோம்? படிகள். லுகானோவின் அழகு ஊரைச் சுற்றியுள்ள கிராமங்களில்தான் இருக்கிறது. கந்திரியாவுக்குப் படகில் போகலாம், உள்ளே வண்டி கிடையாது, பாறையில் ஒட்டிய தேன்கூடு மாதிரி வீடுகள். ஆனால் சந்துகளெல்லாம் படிக்கட்டு. மொர்கோத்தேயின் தேவாலயத்துக்கு 404 படி. அம்மா கீழே உட்கார்ந்திருக்க நாங்கள் மேலே போய் வருவது என்றால், அது மூன்று பேரும் சேர்ந்து போகிற விடுமுறை ஆகாது. கரையோர நடைபாதையும் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதை ஒட்டியே பிரதான சாலை போகிறது. பகலில் கார் இரைச்சல் ஓயாது. லுகானோவில் வெயில் அதிகம் என்பது உண்மை, அதே அளவு உண்மை மழை பெய்தால் கொட்டித் தீர்க்கும் என்பது. மே மாதம் அதற்குப் பேர்போன மாதம். அக்டோபர் முதல் வாரம் போவதாக இருந்தால், கால் நன்றாக இருந்தால், நானே லுகானோவைத்தான் சொல்லியிருப்பேன்.

மோந்த்ரூவா, வெவேயா?

மூன்றாவது லெமான் ஏரி. நாம் ஜெனீவா ஏரி என்கிறோம். அங்குள்ளவர்கள் அப்படிச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், ஏரியில் ஜெனீவாவின் பங்கு ஒரு மூலைதான். சுமார் 580 சதுர கிலோமீட்டர், லூசர்ன் ஏரியைப் போல ஐந்து மடங்கு. வடகரை சுவிட்சர்லாந்து, தென்கரையில் பெரும்பகுதி பிரான்ஸ்.

‘அழகும் நாசூக்குமான சுவிஸ் ஏரிக்கரை ஊர்’ என்று யாராவது சொன்னால் மனதில் வரும் படம் மோந்த்ரூதான். 1906-ல் கட்டிய பேலஸ் ஹோட்டலின் மஞ்சள் துணிப் பந்தல்கள், கரை நெடுகப் பூப்பாத்திகள், மக்னோலியா, பனை. எழுத்தாளர் நபோக்கோவ் 1961-ல் இந்த ஹோட்டலில் குடியேறி 1977-ல் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். சந்தைச் சதுக்கத்தில் ஏரியைப் பார்த்துக் கையை உயர்த்தி நிற்கும் ‘குவீன்’ இசைக்குழுப் பாடகர் ஃபிரெடி மெர்குரியின் சிலை 1996-ல் வைத்தது. சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து பஞ்ச்கனியில் பள்ளிப்படிப்பு படித்தவர் அவர். சிலையின் காலடியில் இன்றும் பூக்கொத்து கிடக்கும். ஜூலையில் ஜாஸ் விழா, 1967 முதல் நடக்கிறது. இசைக்காகப் போகிறவர்களைத் தவிர மற்றவர்கள் அந்த இரண்டு வாரங்களைத் தவிர்ப்பது நல்லது, அறை வாடகை எகிறிவிடும்.

ஆனால் மோந்த்ரூ மலைச்சரிவில் கட்டிய ஊர். ரயில் நிலையத்திலிருந்து ஏரிக்கரைக்கு இறங்கவேண்டும், கடைத்தெருவுக்கு ஏறவேண்டும். ரயிலில் ஏழெட்டு நிமிடம் மேற்கே போனால் வெவே. ஊர் தட்டையானது. நிலையத்திலிருந்து நடந்தே ஏரிக்கரை போகலாம், ஒரு படிகூட இல்லை. நடுவில் கிராந் பிளாஸ் என்ற பெரிய சதுக்கம், செவ்வாயும் சனியும் காலையில் சந்தை. மோந்த்ரூ விருந்தாளிகளுக்காகக் கட்டிய ஊர். வெவேயில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள், பள்ளி விட்டால் பிள்ளைகள் ஏரிக்கரைக்கு ஓடிவருகிறார்கள். நெஸ்லேயின் தலைமையகம் இங்கேதான். பால் சாக்லேட் பிறந்ததும் இங்கேதான், 1875-ல் டானியல் பீட்டர் என்பவர் செய்தார். கரையோரத் தண்ணீருக்குள் எட்டு மீட்டர் உயர எஃகு முள்கரண்டி ஒன்று குத்தி நிற்கிறது, எதிரே இருக்கும் உணவு அருங்காட்சியகத்தின் அடையாளம் அது.

வெவேயில் மாலை என்னை வசப்படுத்திவிட்டது. லூசர்னில் மலைகள் கிட்டத்தில் சூழ்ந்திருப்பதால் வெளிச்சம் சட்டென்று போய்விடும். இங்கே மேற்கே முழு ஏரியும் திறந்து கிடக்கிறது. மே கடைசியில் சூரியன் மறைய ஒன்பது மணிக்கு மேல் ஆகும். எட்டரைக்குக் கரையில் உட்கார்ந்தால் எதிரே பிரெஞ்சு மலைகள் நீலம், பிறகு ஊதா, பிறகு வெறும் கோடு. கடைசிப் படகு போனபின் எழும் அலை கரைக்கு வந்து சேர ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் எல்லாரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பார்க்கவேண்டியவை இல்லாமல் இல்லை. ஊருக்கு மேலே கோர்சியே கிராமத்தில் சார்லி சாப்ளின் 1953 முதல் 1977 கிறிஸ்துமஸ் அன்று இறக்கும்வரை வாழ்ந்த மாளிகை. அமெரிக்கா அவர் திரும்பி வரும் அனுமதியை 1952-ல் ரத்து செய்த பிறகு வந்து சேர்ந்த இடம். 2016 முதல் அது அருங்காட்சியகம். கீழே ஏரிக்கரையில் தொப்பியும் தடியுமாக அவர் சிலை. பாஷை தெரியாதவர்களுக்கும் அவரைத் தெரியும் என்பதால் அம்மாவும் ஆகட்டும், ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்றார். கிழக்கே மோந்த்ரூவைத் தாண்டினால் ஷியோன் கோட்டை. தண்ணீருக்குள் இருக்கும் பாறையில் கட்டியது. கீழ்த்தளத்து நிலவறையில் ஃபிரான்சுவா போனிவார் என்ற கைதி சங்கிலியில் கிடந்த தூண் இருக்கிறது, 1816-ல் வந்த ஆங்கிலக் கவிஞர் பைரன் அவரைப் பற்றிக் கவிதை எழுதிய பிறகுதான் உலகம் அங்கே வர ஆரம்பித்தது. உள்ளே படிகள் உண்டு. வெளியே நின்று பார்ப்பதே பாதி இன்பம் என்பதால் எங்களுக்குக் கவலையில்லை.

மேற்கே லாவோ திராட்சைத் தோட்டங்கள். ஏரியிலிருந்து மலைமுகடு வரை கல்சுவர் கட்டி அடுக்கடுக்காக ஏற்றிய பாத்திகள், சுமார் 800 ஹெக்டேர், 2007-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. மடத்துத் துறவிகள் ஏறத்தாழ 900 வருடங்களுக்கு முன் தொடங்கிய வேலை. தங்களுக்கு மூன்று சூரியன் என்று அங்குள்ள விவசாயிகள் சொல்வார்கள்: வானத்தில் ஒன்று, ஏரியில் பட்டுத் திரும்பும் ஒன்று, பகலெல்லாம் சூடேறி இரவில் கதகதப்பைத் திருப்பித் தரும் கல்சுவர் ஒன்று. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்தால் மூன்றாவது சூரியன் புரியும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்த மாதிரி. நடக்க முடியாதவர்களுக்கு லூத்ரி, குல்லி ஊர்களிலிருந்து டயர் வைத்த சின்ன ரயில் வண்டி தோட்டத்துக்குள்ளேயே சுற்றிக் காட்டும்.

மலைக்கும் வழி இருக்கிறது. மோந்த்ரூவிலிருந்து 2,042 மீட்டர் ரொஷே-த-நே உச்சிக்குப் போகும் ரயில், ஆப்ட் பல்சக்கர முறையில் ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நம் ரயிலிலும் அதே முறைதான். ரோமான் ஆப்ட் சுவிஸ்காரர், நீலகிரி ரயிலின் பழைய இஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்தவை. வெவேயிலிருந்தே மோன் பெலரானுக்கு ஒரு விஞ்ச் போகிறது. இதெல்லாம் கூப்பிடாது. போனால் போகலாம், போகாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. லூசர்னில் எனக்குக் கிடைக்காத நிம்மதி இதுதான்.

மே மாதத்தைத் தேர்ந்ததற்கும் இங்கே ஒரு காரணம். மோந்த்ரூவுக்கும் வெவேக்கும் மேலுள்ள புல்வெளிகளில் அப்போது காட்டு நார்சிஸ் பூக்கும். சரிவெல்லாம் வெள்ளை. ஊர்க்காரர்கள் அதை ‘மே மாதப் பனி’ என்பார்கள். லே பிளெயாத் என்ற இடம் வரை வெவேயிலிருந்து ரயிலிலேயே போய்விடலாம். தினமும் விடியலில் பூப்பறித்துத் தொடுக்கிற அம்மாவுக்கு டிட்லிஸ் பனியைவிட இது மேல் என்று சொல்லி மனைவியே லுகானோவை விட்டுக்கொடுத்துவிட்டார். கோவையில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போது அங்கே பதினைந்து இருபது டிகிரி. மழை வரும், நல்ல குடை வேண்டும்.

பணமும் சோறும்

வெவே பக்கம் தங்கினால் மோந்த்ரூ ரிவியேரா அட்டை கொடுப்பார்கள். சுற்றுவட்டாரத்தில் பஸ், ரயில் இலவசம், சில காட்சியிடங்களில் கட்டணம் குறைவு. ஷியோன் கோட்டை வாசல்வரை போகும் 201-ஆம் நம்பர் பஸ் இதில் அடங்கும். லூசர்னிலும் விருந்தினர் அட்டை உண்டு, ஆனால் அது நகர எல்லைக்குள்தான். மலை, படகு எல்லாம் தனிச் செலவு, அங்கே தங்கினால் டெல் பாஸ் என்ற வட்டாரச் சீட்டைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாடு முழுவதும் செல்லும் சுவிஸ் டிராவல் பாஸ் தினம் ஒரு ஊர் போகிறவர்களுக்கு லாபம். ஒரே ஊரில் தங்குகிறவர்களுக்கு அது வீண். முகவர்கள் முதலில் அதைத்தான் தலையில் கட்டுவார்கள், எனக்கும் ஒருவர் முயன்றார். பிள்ளைகளோடு போகிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: பெற்றோர் பாஸ் எடுத்தால் 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் குடும்ப அட்டை கிடைக்கும்.

ஒரு ஃபிராங்க் நூறு ரூபாய்க்கு மேல் போகிறது. மூன்று ஊரிலும் வாடகையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஹோட்டலைவிடச் சமையலறை உள்ள அடுக்குமாடி வீடுதான் எங்களுக்குச் சரி. வெளியே மூன்று பேர் சாதாரணமாகச் சாப்பிட்டாலே 80, 90 ஃபிராங்க் ஆகிவிடும். கூப், மிக்ரோ கடைகளில் பாஸ்மதி, நல்ல கெட்டித் தயிர், காய்கறி எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும், ரயில் நிலையத்தில் மட்டும் திறந்திருக்கும். சனியன்றே வாங்கி வைத்துவிட வேண்டும். 1983-க்குப் பிறகு வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் அந்த நாட்டில் நிறையப் பேர். லோசான், லூசர்ன், சூரிச் போன்ற ஊர்களில் அவர்களுடைய கடைகளில் கறிவேப்பிலை, முருங்கைக்காய், இடியப்ப மாவு வரை உண்டு. வெவேயிலிருந்து லோசான் ரயிலில் கால் மணி நேரம். சூரிச்சில் நான் இருந்த முதல் பொங்கலுக்கு அப்படி ஒரு கடையில் வெல்லம் வாங்கினேன், விலை கேட்டதற்கு, “தம்பி, இது முதல் பொங்கலோ? அப்ப கொண்டு போங்கோ” என்று காசு வாங்க மறுத்துவிட்டார் கடைக்கார அண்ணர்.

சுத்த சைவக்காரர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். குருயேர் போன்ற பழைய முறைப் பாலாடைக் கட்டிகளைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறையை இட்டுத்தான் தயாரிக்கிறார்கள். அம்மாவிடம் சொன்னேன், அவர் வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கட்டியை உருக்கித் தொட்டுச் சாப்பிடும் ஃபோந்து உணவகங்கள் எங்கள் பட்டியலில் இல்லை. குடிதண்ணீருக்குச் செலவே இல்லை, தெருவோரக் கல் தொட்டிகளில் விழும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக் குடிக்கலாம்.

ஒரு சின்ன வீடு

கடைசியில் அம்மாவைச் சம்மதிக்கவைத்தது ஒரு வீடு. லூசர்ன் பெஞ்ச்தானே கேட்டேன், நீ வேறெங்கோ கூட்டிப்போகிறாயே என்று அவருக்கு மனக்குறை இருந்தது. வெவேயிலிருந்து ஏரிக்கரையோரமாகச் சிறிது தூரம் மேற்கே போனால் கோர்சோ. அங்கே சண்டிகரை வடிவமைத்த லெ கொர்பூசியே 1923-லும் 24-லும் தன் வயதான பெற்றோருக்காக ஒரு வீடு கட்டினார். முதலில் வரைபடத்தைப் போட்டுவிட்டு, அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற நிலத்தைத் தேடி அலைந்தாராம். நம் ஊர் சின்னப் பிளாட் அளவுதான், அறுபது சதுர மீட்டர் சொச்சம், ஒரே தளம். ஏரிப்பக்கச் சுவரில் 11 மீட்டர் நீளத்துக்கு ஒரே ஜன்னல். படுக்கையிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போகும்வரை ஏரி கூடவே வரும். தோட்டத்தில் ஒரு மதில், மதிலில் சதுரமாக ஒரு திறப்பு, திறப்பின் அடியில் சிமென்ட் மேசை. உட்கார்ந்தால் ஏரியும் மலையும் சட்டம் போட்ட படம் மாதிரி. கொர்பூசியேயின் அப்பா 1926-ல் போய்விட்டார். பியானோ ஆசிரியையான அவருடைய அம்மா 1960-ல் இறக்கும்வரை அந்த வீட்டில்தான் இருந்தார். 2016-ல் சண்டிகரின் ‘கேப்பிடல்’ அரசு வளாகத்தோடு ஒரே பட்டியலில் இதுவும் யுனெஸ்கோ சின்னமானது. குறிப்பிட்ட நாட்களில் மட்டும் திறப்பார்கள், போகும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேசையின் படத்தை என் போனில் காட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “மகன் கட்டிக் குடுத்ததா? முப்பத்தஞ்சு வருஷம் இதையே பாத்துட்டு இருந்திருக்குது அந்தம்மா” என்றார். அப்புறம், “சரி, அங்கயே போலாம். ஆனா அந்தப் பெஞ்சுக்கும் ஒரு நாள் கூட்டிட்டுப் போயிரு” என்றார்.

அதற்கும் வழி வைத்திருக்கிறோம். போகும்போது ஜெனீவா, திரும்பும்போது சூரிச். கடைசி நாள் வெவேயிலிருந்து பெர்ன் வழியாக லூசர்ன் போய், பெட்டிகளை நிலையத்து லாக்கரில் வைத்துவிட்டு, மதியம் முழுவதும் அந்த மரத்தடியில் இருந்துவிட்டு, இரவு விமானத்துக்குக் கிளம்பலாம். ஷெங்கன் விசாவுக்கு இரண்டு மாதம் முன்பே தேதி வாங்கிவிடுங்கள், கோடையில் நெரிசல் அதிகம். எங்களுக்கு மார்ச்சில்தான் கிடைத்திருக்கிறது. ஜெனீவா விமான நிலையத்தின் உள்ளிருந்தே வெவேக்கு ஒரு மணி நேரம் சொச்சத்தில் போகும் ரயில் இருக்கிறது. அதில் போகும் திசைக்கு வலது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். லோசானைத் தாண்டியதும் தண்டவாளம் ஏரியின் ஓரமாகவே ஓடும், வெவே வரும்வரை தண்ணீர் கண்ணை விட்டு அகலாது. அந்த இடம் அம்மாவுக்கு.